நாணலில் ஏறிய நத்தைகள்

மலையடிவாரக் காட்டுக் குளத்தில் ஓர் ஆமை இருந்தது. தண்ணீர் கெட்டால் நத்தைகள் அடியில் தங்காது. அதனால் தினமும் காலையில் அது குளத்தில் முங்கி நத்தைகளைப் பார்த்துவிட்டு வரும். "நத்தைகள் அடிமண்ணில் இருக்கின்றன. தண்ணீர் நல்ல தண்ணீர்!" என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் மற்ற மிருகங்கள் வாய் வைக்கும். இந்த வேலைக்கு நாள்தோறும் ஒரு தாமரைக் கிழங்கு கூலி.

அந்தக் காட்டுக்கு ஒரு காட்டெருமை அரசி. அப்போதுதான் அது கன்று ஈன்றிருந்தது. மந்திரி கீரி. சிக்கனத்தில் படு கெட்டி!

"அரசியாரே! இந்த ஆமை என்றைக்காவது புதிதாக ஏதாவது சொன்னதுண்டா? அதே நத்தை, அதே தண்ணீர்! இதற்கு எதற்குத் தினம் ஒரு கிழங்கு?" என்றது கீரி.

அரசிக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆமையைக் கூப்பிட்டுச் சொன்னது: "ஆமையே! இனிமேல் தண்ணீர் கெட்டுப்போகிற நாளில் மட்டும் வந்து பார். அன்றைக்கு இரண்டு கிழங்காகவே தருகிறேன்!"

ஆமை கேட்டது: "தினமும் பார்க்காமல், அது எந்த நாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"கூலி போகிறதே என்று பேசுகிறாய்!" என்று கீரி சிரித்தது.

ஆமை மலைக்கு அந்தப் பக்கத்துக் குளத்துக்கு நடையைக் கட்டியது. மிச்சமான கிழங்குகளைப் பார்த்துக் காடே கீரியை மெச்சியது.

மழை பொய்த்தது. குளத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. ஒருநாள் காலையில் கீரி கரைக்கு வந்தபோது, நத்தைகளெல்லாம் தண்ணீரை விட்டு நாணல்களில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. கொத்துக் கொத்தாக!

"அடேயப்பா! செலவில்லாத விருந்து!" என்று கீரி வயிறு முட்டத் தின்றது. அவை ஏன் ஏறின என்று அது யோசிக்கவே இல்லை.

சற்று நேரத்தில் அரசி கன்றோடு வந்தது; மற்ற மிருகங்களும் பின்னால் வந்தன. பால் மட்டுமே குடித்து வளர்ந்த கன்று அன்றுதான் முதன்முதலாகக் குளத்தில் வாய் வைத்தது. நாலு மடக்குத்தான். கால்கள் மடங்கின. வாயில் நுரை தள்ளியது. அரசி நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது. கன்று எழுந்திருக்கவில்லை.

ஐயோ! மற்ற மிருகங்கள் குளத்தை விட்டுப் பின்வாங்கின.

"நத்தைகள் எங்கே?" என்று அரசி கேட்டது.

"நாணலில்... ஏறியிருந்தன, அரசியாரே" என்று கீரி முனகியது.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா சொல்லவில்லை?"

"எனக்கு அது இரையாகத்தான் தெரிந்தது. தின்றுவிட்டேன்!"

"உன்னைச் சொல்லி என்ன? கிழங்கை நிறுத்தியது நான்தானே!" என்று அரசி அலறியது.

ஒன்றும் நடக்காத நாள்களிலும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கூலியை வீண்செலவென்று நிறுத்துகிறவர்கள், ஒருநாள் அதைவிடப் பெரிய விலையைக் கொடுப்பார்கள்.