ஒருக்களித்துப் படுத்த அயிரை

வெகு காலத்துக்கு முன்னால், மாயாவிகள் ஏரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிய காலத்தில், முரசூர் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜா முழவரசனுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாது. அவர் தும்மினால் சங்கு ஊதுவார்கள். குளித்தால் கொம்பு ஊதுவார்கள். பல் துலக்குவதற்கென்றே தனி மேளம் இருந்தது. மற்றபடி நல்ல மனுஷர். மகள் அல்லி என்றால் அவருக்கு உயிர். அந்தப் பிரியத்தையும் கொட்டு அடித்துத்தான் காட்டுவார்.

அந்த ஊர் ஏரியின் சேற்றில் ஆழியப்பன் என்றொரு மாயாவி படுத்திருந்தான். நூறு வருஷம் விழித்திருப்பான், நூறு வருஷம் தூங்குவான். அவன் படுத்த அன்றைக்கே ராஜா தெப்பத் திருவிழா வைத்தார். முதல் கொட்டுக்கு மாயாவி புரண்டு படுத்தான். இரண்டாம் கொட்டுக்குக் காதில் சேற்றை அப்பிக்கொண்டான். மூன்றாம் கொட்டுக்கு எழுந்து வந்துவிட்டான். நீங்களும் நானுமாயிருந்தால் முதல் கொட்டுக்கே வந்திருப்போம்.

"ராஜா, உனக்கு ரொம்பப் பிரியமானது எது?" என்று கேட்டான்.

"என் மகள்" என்று தெப்பமே ஆடும்படி சொன்னார் ராஜா. கேட்கிறவன் முகத்தைப் பார்த்தாவது மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மாயாவி ஒரு கை சேற்றை அள்ளி வீசினான். அல்லி உட்கார்ந்திருந்த இடத்தில் ஓர் அயிரை மீன் துள்ளியது. விரல் நீளம், உடம்பெல்லாம் புள்ளி, வாயைச் சுற்றிக் குட்டி மீசை.

"அடியில கிடக்கிறவன் பாடு என்னன்னு இவளை வெச்சுத் தெரிஞ்சுக்கோ. உன் அரண்மனையில இவ ஒரு நாழிகை நிம்மதியா இருந்தா பழையபடி பொண்ணாயிடுவா. மூணாவது பௌர்ணமி அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது நடக்கலேன்னா, மீன் மீன்தான்" என்று சொல்லிவிட்டு மாயாவி மறுபடி படுக்கப் போனான்.

ஒரு நாழிகை நிம்மதிதானே, என்ன பெரிய விஷயம் என்று ராஜா நினைத்தார். நாலு ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்தார். அடியில் வைரமும் வைடூரியமும் கொட்டினார். தினமும் பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிட்டுப் பன்னீர் கலந்து புதுத்தண்ணீர் ஊற்றச் சொன்னார். முதல் வாரத்தில் ஒருநாள் மீன் அடியில் ஒருக்களித்துப் படுத்து அசையாமல் கிடந்தது. மகள் செத்துப்போனாள் என்று ராஜா அலறிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார். மீன் விருட்டென்று எழுந்து மேலும் கீழுமாக ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

"ஆடுறா மகாராசா, ஆடுறா" என்றார் நாட்டிய ஆசான் தாண்டவராயர்.

அன்றிலிருந்து தொட்டியைச் சுற்றி விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் மேளம். ராஜா காலையில் கேட்பார், "ஆடுறாளா?" சபையே சொல்லும், "ஆடுறா மகாராசா, ஆடுறா." சாப்பிடும்போது கேட்பார், "ஆடுறாளா?" "ஆடுறா மகாராசா, ஆடுறா." படுக்கப் போகும்போதும் அதே கேள்வி, அதே பதில். இப்படியே இரண்டு பௌர்ணமி போய்விட்டது. மகள் மட்டும் பெண்ணாகவில்லை.

அந்த நாட்டில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். கல்லிடுக்கில் கையளவு தண்ணீர் தேங்கியிருந்தால்கூட அதில் அயிரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வாய்க்காலில் பிடித்த அயிரையைப் பானையில் போட்டு, எட்டு மைல் நடந்து, சந்தையில் உயிரோடு இறக்குவது அவள் வேலை. செத்த அயிரையை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அயிரை எப்போது சுகமாக இருக்கிறது, எப்போது சாகப் பார்க்கிறது என்று அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ராஜா மகள் மீனான நாளிலிருந்து அயிரை பிடிக்கத் தடை. அங்காயி காலிப் பானையோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊரே இளவரசி ஆட்டத்தைப் பார்க்கப் போகிறதே என்று அவளும் ஒருநாள் போனாள். மூன்றாம் பௌர்ணமிக்கு அப்போது மூன்றே நாள்.

தாண்டவராயர் ஒரு கோலை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மீன் கண்ணாடியோரமாக ஏறி இறங்கினால் அது 'கொடியேற்றம்'. சரேலென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனால் 'முத்தெடுப்பு'. ரத்தினக் கல்லில் விலாவை உரசிக்கொண்டு பாய்ந்தால் 'மின்னல் வெட்டு'. ஒவ்வொன்றுக்கும் மேளக்காரர் தாளம் கட்டியிருந்தார்.

அங்காயி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது ஆட்டமில்லீங்க. தவிப்பு" என்றாள்.

மேளம் நின்றது. முரசூர் அரண்மனையில் பட்டப்பகலில் மேளம் நின்றது அதுதான் முதல் தடவை. ராஜா அவளைக் கூப்பிட்டு, "என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"சாமி, அயிரை தரையில கிடக்கிற சாதி. மழை வரப்போனா ஒரு நாள் இப்படி மேலயும் கீழயும் ஓடும், இல்லேங்கல. ரெண்டு மாசமாவா மழை வருது? தினம் மேலே வந்து வாய் பிளக்குதுன்னா தண்ணி அதுக்கு ஆகல. உடம்பை உரசுதுன்னா எரியுது. மீசையைப் பாருங்க, மண்ணைக் கிளறித் திங்கிற மீசை, உங்க வைரம் அறுத்துப் பாதிதான் இருக்கு. ஒளிய ஒரு சந்து இல்ல. கூட இருக்க ஒரு உசிர் இல்ல. இதுல நிம்மதி எங்கேயிருந்து வரும்?"

"மீன் பிடிக்கிறவளுக்கு நாட்டியம் என்ன தெரியும்?" என்றார் தாண்டவராயர்.

"நாட்டியம் தெரியாது சாமி. மீனு தெரியும்."

ராஜா முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு மாதமாக மகள் சந்தோஷப்படுகிறாள் என்று மேளம் அடித்தவருக்கு எப்படி இருக்கும். "மூணு நாள்தான் இருக்கு. நீயே பாரு. அவ உசிருக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன் உசிருக்கு நான் பொறுப்பில்லை" என்றார்.

முதல் நாள் அங்காயி வைரத்தையெல்லாம் அள்ளி வெளியே கொட்டிவிட்டு ஆற்று மணலைக் கழுவிப் பரப்பினாள். பன்னீரை நிறுத்தினாள். தண்ணீரை மொத்தமாக மாற்றாமல், ஏரித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினாள். மேளக்காரர்களை நாலு தெரு தள்ளி அனுப்பினாள். சாயங்காலம் ராஜா வந்து கேட்டார், "ஆடுறாளா?"

"இல்லை மகாராசா" என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் தன் பானையை உடைத்துப் பாதியை மணலில் கவிழ்த்தாள். தொட்டியின் மூன்று பக்கமும் ஈரத்துணி போர்த்தினாள். மீன் சந்தேகத்தோடு நாலு தடவை பானையைச் சுற்றியது. ஐந்தாம் தடவை உள்ளே போனது, வெளியே வரவேயில்லை. ராஜா வந்தார். "ஆடுறாளா?"

"இல்லை மகாராசா."

"ஆடவேண்டாம், கண்ணுல பட்டாலே போதும். என்னாலேயே அவளைப் பார்க்க முடியலையே" என்றார் ராஜா. குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அவளுக்கும் உங்களைப் பார்க்க வேண்டாம்னு இருந்திருக்கும் சாமி, இத்தனை நாளும்" என்றாள் அங்காயி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராஜா போய்ப் படுத்துவிட்டார்.

மூன்றாம் நாள், பௌர்ணமி அன்று, வாய்க்காலிலிருந்து ஐந்து அயிரையைக் கொண்டுவந்து விட்டாள். உச்சிப்பொழுது வரை ஒன்றுமில்லை. பிறகு பானைக்குள்ளிருந்து பாதி மீசை எட்டிப் பார்த்தது. அந்த ஐந்தும் மணலைக் கிளறித் தின்றன, இதுவும் கூடப் போய்க் கிளறியது. வெளிறிக் கிடந்த புள்ளியெல்லாம் கறுத்து வந்தது. அங்காயி பெருமூச்சு விட்டாள். சூரியன் இறங்க இன்னும் ஒன்றரை நாழிகை இருந்தது.

அப்போது ராஜா வந்தார். அந்த நேரம் பார்த்து மீன் பானை ஓரமாகப் போய், மெல்லச் சரிந்து, ஒருக்களித்துப் படுத்தது. அசைவே இல்லை.

முதல் வாரத்தில் பார்த்த அதே காட்சி. "மகாராசா, போயிட்டா" என்று தாண்டவராயர் வாயெடுத்தார்.

"தூங்குதுங்க" என்று அங்காயி காற்றோடு காற்றாகச் சொன்னாள். "அயிரை பயமில்லாம இருந்தா இப்படித்தான் சாஞ்சு படுக்கும். செவுளைப் பாருங்க, லேசா அசையுது. அன்னிக்கும் இப்படித்தான் படுத்திருப்பா, நீங்கதான் எழுப்பிட்டீங்க."

செவுள் அசைந்ததா இல்லையா என்று ராஜாவுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் நிறைந்துபோய் எதுவுமே தெரியவில்லை. மகள் சாகிறாளோ என்று கத்தவும் முடியாது, தட்டிப் பார்க்கவும் முடியாது. இந்தப் பாழாய்ப்போன பானைக்காரியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கையால் தாண்டவராயர் வாயைப் பொத்தினார், மறு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கால் நாழிகை போயிற்று. அரை நாழிகை போயிற்று. பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. முக்கால் நாழிகையில் தும்மல் வந்தது, அதையும் விழுங்கினார். அங்காயி மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல அப்பன்தான், யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாழிகை முடிந்தது. தொட்டித் தண்ணீர் சத்தமில்லாமல் தளும்பி வழிந்தது. மணலில் அல்லி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைமாட்டில் உடைந்த பானை, முழங்காலைச் சுற்றி ஐந்து அயிரை. மேலுதட்டோரம் சின்னதாக ஒரு வடு, வைரம் அறுத்த இடம். கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்துப் பயந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

ராஜா வாயிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கண்ணீர் மட்டும் விரலிடுக்கில் வழிந்தது. வெகு நேரம் கழித்துத்தான் கையை எடுத்து, பக்கத்தில் நின்ற அங்காயிக்கே கேட்காத குரலில், "பசிக்குதாம்மா?" என்று கேட்டார். அல்லி காதிலிருந்து கையை எடுத்தாள்.

தடை அன்றைக்கே நீங்கியது. ஏரியிலும் வாய்க்காலிலும் மீன் பிடிக்கிற உரிமை அங்காயிக்கும் அவள் வம்சத்துக்கும் என்று ராஜா எழுதிக் கொடுத்தார், புதுப் பானையும் கொடுத்தார். அந்த ஐந்து அயிரையை மட்டும் அல்லி தன் கையாலேயே ஏரியில் விட்டாள். ஏரிக்கரையில் அதன் பிறகு யாரும் மேளம் அடிக்கவில்லை. மாயாவி இன்னும் தூங்குகிறான். தாண்டவராயர் மட்டும் 'மின்னல் வெட்டை' விடாமல் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், அது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லாமல்.

கதை அவ்வளவுதான். கை தட்ட வேண்டாம், மெல்ல எழுந்து போங்கள்.