எச்சில் பட்ட தூக்கம்

வெகு காலத்துக்கு முன்னே மாந்துறை நாட்டை விசயகண்டர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. காலையில் ஒருவருக்குப் பல்லக்கைப் பரிசாகக் கொடுப்பார், சாயங்காலம் அதைத் தூக்குகிற ஆட்களைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அவருடைய அரண்மனையில் ஆண்டியப்பன் என்பவனுக்கு விசித்திரமான உத்தியோகம். ராஜாவுக்குப் போகிற எதையும் முதலில் அவன் தின்று பார்க்க வேண்டும். விஷம் இருந்தால் அவன் சாவான், இல்லாவிட்டால் ராஜா சாப்பிடுவார்.

இன்றோ நாளையோ சாகப்போகிறவனோடு யார் சிநேகம் வைப்பார்கள்? அவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. வீண் சந்தேகம் வந்துவிடும் என்று சமையல்காரர்கள்கூட அவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக அவன் பேச்சு தினமும் ஒன்றுதான். "சாப்பிடலாம், மகாராஜா" என்பான். ராஜா "ம்" என்பார். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு பாவம், மறுநாள் வரைக்கும் காலம் தள்ளுவான்.

ஒரு தை மாதம் ராணி கண்ணை மூடினாள். அன்றோடு ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. ராஜா படுக்கிற அறையில் ராணியைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். காவல்காரர்கள்கூட ஏழு வாசலுக்கு அப்பால்தான் நிற்பார்கள். அத்தனை பெரிய அறையில் மனுஷர் ஒண்டியாய்ப் புரண்டுகொண்டு கிடந்தார்.

அரண்மனை வைத்தியர் ஏகாம்பரனார் சும்மா இருப்பாரா? முதல்நாள் தலையணையில் வெட்டிவேர்த் தைலம் நாலு சொட்டு. தூக்கம் வரவில்லை. மறுநாள் அதோடு சந்தனத் தைலம் ஒரு கிண்ணம். அப்புறம் மரிக்கொழுந்து, செண்பகம் என்று வளர்ந்து வளர்ந்து ஏழு குடத்தில் வந்து நின்றது. வழக்கப்படி எல்லாவற்றையும் முதலில் ஆண்டியப்பனுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அவன் நன்றாகத் தூங்கினான். ராஜாவுக்குத் தும்மல்தான் வந்தது.

"என்ன வைத்தியரே, என்னை மனுஷன் என்று நினைத்தீரா, ஊதுபத்தி என்று நினைத்தீரா?" என்று ராஜா சபையில் சீறினார். சபை சிரித்தது. "ஆண்டியப்பா, உனக்கு எப்படி?"

"ரெண்டு சொட்டு தலைகாணியில விட்டாலே போதும் மகாராஜா. வாசனை இதமா இருக்கு, தூங்கிடுறேன்."

தன்னை விட்டுவிட்டு ஒரு சோறு தின்கிறவனிடம் ராஜா யோசனை கேட்டது வைத்தியருக்குப் பொறுக்கவில்லை. "பார்த்தீர்களா பிரபு! தைலத்தின் சத்தையெல்லாம் முதலில் இவன் உறிஞ்சிவிடுகிறான். தங்களுக்கு வந்து சேர்வது எச்சில் பட்ட தூக்கம்!" என்றார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் சோற்றைத்தான் முதலில் தின்கிறாய், என் தூக்கத்தையுமா? நாளை விடிவதற்குள் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது!"

 ஆண்டியப்பன் தூக்கமில்லாமல் சிவந்துபோன ராஜாவின் கண்களை நிமிர்ந்து பார்த்தான். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

"திருடினது வாஸ்தவம் மகாராஜா," என்றான். "திருட்டுச் சொத்தை உடையவங்க இடத்துலதானே ஒப்படைக்கணும்? தூக்கத்தை மூட்டை கட்டி எடுத்துட்டு வர முடியாது. நான் உங்க அறையிலேயே படுத்துக்கறேன். எனக்கு வந்ததும் நீங்க வாங்கிக்கலாம்."

"வழக்கத்துக்கு விரோதம்!" என்று குதித்தார் வைத்தியர்.

"அப்போ நான் தூக்கத்தைத் திருடினேன்னு ஐயா சொன்னது பொய்யா?"

"சரி, வந்து படு" என்றார் ராஜா.

அன்று ராத்திரி ஆண்டியப்பன் ராஜாவின் தலையணையில் இரண்டு சொட்டு வெட்டிவேர்த் தைலம் விட்டான். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தான்.

"ஆண்டியப்பா, வந்துவிட்டதா?"

"இன்னும் இல்லீங்க."

கொஞ்ச நேரம் போயிற்று. "இப்போது?"

"நீங்க பேசிக்கிட்டே இருந்தா எப்படி வரும் மகாராஜா?"

ராஜா சிரித்துவிட்டார். "ராணியும் இப்படித்தான் திட்டுவாள்" என்றார். அப்புறம் ராணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் தலையணைக்கு அடியில் முறுக்கு ஒளித்து வைப்பதை, இடிக்குப் பயந்து ராஜாவின் காதைப் பொத்துவதை எல்லாம் சொன்னார். ஒரு வருஷமாகச் சொல்ல ஆளில்லாமல் கிடந்த பேச்சு. பாதியில் குறட்டை கேட்டது. கீழே ஒன்று, சற்று நேரத்தில் மேலே ஒன்று.

விடிந்ததும் வைத்தியர் ஓடிவந்தார். "நான் சொன்னபடியே ஆயிற்று! திருடன் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இனி அவன் எதற்கு? எச்சில் படாத தைலத்தை நானே போடுகிறேன்." ராஜாவின் புத்தி மாற எவ்வளவு நேரம்? "அதுவும் சரிதான்" என்றுவிட்டார்.

ஆண்டியப்பனின் தலை தப்பியது. ஆனால் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருந்த அவனுடைய சின்ன அறை அன்று அவனை விழுங்க வந்தது. ஒரே ஒரு ராத்திரி பேச்சுத்துணை கிடைத்துப் பறிபோனவனுக்குத் தனிமை ரொம்பக் கொடுமை. ஏழு குடத்தையும் அரண்மனைக்குள் கொண்டுபோவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்தும் ராஜா சபைக்கு வரவில்லை. "பார்த்தீர்களா, இன்னும் தூங்குகிறார்! என் தைலத்தின் மகிமை!" என்று வைத்தியர் மார்தட்டினார். மந்திரி போய் அறைக் கதவைத் திறந்தார். குடங்கள் இருந்தன. கட்டில் காலி!

அரண்மனையே அல்லோலகல்லோலப்பட்டது. கிணறு வரைக்கும் தேடிவிட்டு, கடைசியாக மடைப்பள்ளிக்குப் பின்னால் போனார்கள். அங்கே கிழிந்த பாயில் ஆண்டியப்பனும் ராஜாவும் முதுகோடு முதுகாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் ஒரு கால் தரையில் கிடந்தது.

"மகாராஜா!" என்று அலறினார் வைத்தியர்.

ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "மெதுவாய்யா! விடிய விடியத் தும்மிவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தேன். இரண்டு சொட்டு போதும் என்று இவன் சொன்னபோது உமக்குக் காதில் ஏறவில்லை. அந்த ஏழு குடத்தையும் உம் படுக்கையறையிலே கொண்டுபோய்த் திறந்து வையும். யார் எச்சிலும் படவில்லை, சத்தெல்லாம் உமக்கே!"

வைத்தியர் அங்கேயே ஒரு தும்மல் தும்மினார். தேடி வந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஆண்டியப்பா, உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

 ஆண்டியப்பன் எழுந்து உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரைக்கும் அவனை யாரும் கேட்டதில்லை.

 ராஜா பாயில் மறுபடியும் சாய்ந்துகொண்டு மந்திரியிடம் சொன்னார்: "ஓய், இந்தப் பாய் ஒருத்தருக்குத்தான் காணும். ரெண்டு பேர் படுக்கிற மாதிரி ஒன்று முடையச் சொல்லும்."