மொம்பாசாக் காசு

தூத்துக்குடியில் நடந்தது இது. கேட்டுவிட்டு, நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கித்தேரியின் கணவன் ரெமிஜியுஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். போகிற துறைமுகத்தில் எல்லாம் ஒரு காசு வாங்குவான். அதைத் துண்டுத் தாளில் மடித்து, மேலே ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதி, வீட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பான். விடுமுறைக்கு வந்தால், சாப்பாடு முடிந்ததும் டின்னைத் திறந்து ஒரு காசை எடுத்து, அந்த ஊரில் நடந்ததைச் சொல்லுவான். சொல்லி முடித்த காசின் தாளில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பான். ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

"இன்னொண்ணு சொல்லுங்களேன்" என்பாள் கித்தேரி.

"எல்லாத்தையும் இப்பவே சொல்லிட்டா, அடுத்த லீவுக்கு என்ன செய்ய?"

அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. புயலில் கப்பல் மூழ்கியது. ஒன்பது பேரின் உடல் கரைக்கு வந்தது. அதில் ரெமிஜியுஸ் இல்லை. மாதா கோவிலில் அவனுக்கும் சேர்த்துப் பூசை வைத்தார்கள். கித்தேரி போனாள், ஆனால் துக்கத்துக்கான கறுப்புச் சேலை உடுத்த மறுத்துவிட்டாள். டின்னில் கோடு விழாத தாள்கள் அறுபதுக்கு மேல் இருந்தன. தையல் வேலை இல்லாத மதியங்களில் அவற்றை எடுத்து, பிரிக்காமல், ஊர்ப் பெயர்களை மட்டும் வாசிப்பாள். பெய்ரா. சிட்டகாங். மொம்பாசா. அங்கெல்லாம் அவன் என்ன பார்த்தான், யாரோடு பேசிச் சிரித்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மகன் டெரன்ஸுக்கு அப்போது எட்டு வயது. பத்தொன்பது வயதில் அவனுக்குக் கப்பல் வேலைக்கான பயிற்சியில் இடம் கிடைத்தது. கட்டணம் மூன்று லட்சத்துக்கும் மேல்.

"எம்மா, அப்பா காசுகளை எங்கயாவது காட்டிப் பாப்பமா?"

"அதுல என்னல இருக்கு? எல்லாம் சில்லறை" என்றாள் கித்தேரி. அப்போது அப்படித்தான் நம்பினாள். அவன் மனம் வாடக் கூடாதென்று, இருவருமாகத் திருநெல்வேலிக்குப் போய், பழங்காசு வாங்கி விற்கும் காஜா முகைதீனிடம் டின்னைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் மட்டும் போனாள். முகைதீன் ஒரு காசைத் தனியே எடுத்து வைத்திருந்தார். அதன் தாளில், 'மொம்பாசா, பித்தளை, பழைய சாமான் கடை' என்று எழுதியிருந்தது. கோடு இல்லை.

"இது பித்தளை இல்லம்மா, தங்கம். இந்த அச்சு அபூர்வம். இன்னைக்கே மூணரை லட்சம் வாங்கித் தருவேன். மத்ததெல்லாம் சேர்ந்தா ஆறாயிரம் தேறும்."

கித்தேரி அந்தக் காசை எடுத்து, அதன் தாளிலேயே திரும்ப மடித்தாள்.

"இத வித்தா எம் பையனும் கப்பலுக்குப் போயிருவான் பாய். ஒண்ணும் தேறாதுன்னு அவன்ட்ட சொல்லிருங்க."

"பொய் சொல்ல மாட்டேம்மா. பொருள் உங்களோடது, விலையை உங்ககிட்ட சொல்லிட்டேன். தம்பி கேட்டா, அம்மாகிட்ட கேட்டுக்கன்னு சொல்லுவேன்."

மொம்பாசாக் காசின் விலையை ஒரு சீட்டில் எழுதி, டின்னோடு கொடுத்தார். டெரன்ஸ் போன் செய்தபோது சொன்னபடியே சொன்னார். டெரன்ஸ் அம்மாவிடம் கேட்டான்.

"சொன்னேம்லா, சில்லறைதான்" என்றாள் கித்தேரி.

அவன் ஓர் உப்புக் கம்பெனியில் எடை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலம் நேராக வீட்டுக்கு வர மாட்டான். துறைமுகச் சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பஸ்ஸில் போகும்போது கித்தேரி ஒருநாள் அதைப் பார்த்தாள். வீட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு வருடம் போனது. அப்பாவின் நினைவுப் பூசைக்குப் படம் தேடிய டெரன்ஸ், டின்னின் அடியில் சீட்டைக் கண்டான். இரண்டு முறை படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். அந்த வருடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தான்.

அடுத்த மாதம் ஒரு காலையில், அந்தக் காசை வாங்க ஒருவர் கேட்கிறார் என்று சொல்ல முகைதீன் வீடு தேடி வந்தார். டெரன்ஸ் மட்டும் இருந்தான்.

"அம்மா இல்லையா தம்பி?"

"கோவிலுக்குப் போயிருக்காங்க. மொம்பாசாக் காசு விஷயமா, பாய்? எனக்குத் தெரியும், சீட்டைப் பாத்துட்டேன். அம்மாகிட்ட விக்கச் சொல்லாதீங்க. அது இங்க இருக்கிற வரைக்கும்தான் அப்பா வந்து சொல்ல என்னமோ மிச்சம் இருக்குன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு. எனக்குத் தெரியும்கறதையும் சொல்லிராதீங்க."

கோவிலிலிருந்து திரும்பிய கித்தேரி, தலையில் முக்காட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்தது.

ஒரே காசின் விலையைத் தாய் மகனிடம் மறைத்தாள். வியாபாரி சொல்லாமல் விட்டார். மகன் தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்தான். மூவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இதில் யார் செய்தது சரி?

விடை: முகைதீன் செய்தது சரி. சொல்லும் உரிமை தனக்கில்லாததை அவர் சொல்லவில்லை, பொய்யும் பேசவில்லை. பலர் டெரன்ஸைத்தான் சொல்வார்கள். ஆனால் அம்மாவால் எதைத் தாங்க முடியும் என்பதை அவளைக் கேட்காமல் அவனே தீர்மானித்தான். கித்தேரி அவனுக்குச் செய்ததும் அதுதான். 'விக்க மாட்டேன், நீ கடலுக்குப் போக எனக்கு மனசில்ல' என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தால், அவன் சண்டை போட்டிருப்பான், அழுதிருப்பான், ஒருவேளை சம்மதித்தும் இருப்பான். கித்தேரிக்கும் வாசலில் நின்றபோது இது புரிந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் வித்துருங்க பாய்" என்றாள். டெரன்ஸ் எவ்வளவோ தடுத்தும் அவள் கேட்கவில்லை. மறு வருடம் அவன் பயிற்சிக்குப் போனான். இப்போது கப்பலில் இருக்கிறான். கித்தேரி இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறாள். ஒருவனிடமிருந்து மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது.