பதினாலு கிலோ பெட்டி

மூன்று நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. தங்களுக்குள் சுங்கம் கிடையாது. வெளியார் சரக்குக்கு மூன்று எல்லையிலும் ஒரே சுங்கம். எந்த விதியானாலும் மூவரும் தலையாட்ட வேண்டும். ஒருவர் ஆட்டாவிட்டால் அத்தோடு நின்றது. ஒப்பந்தம் கையெழுத்தான அன்று எல்லோரும் கைதட்டத்தான் செய்தார்கள்.

அதில் மேல்நாட்டின் பிரதிநிதி அரியநாதன். ஐம்பத்தெட்டு வயது. காலையிலேயே விலகல் கடிதத்தோடு மடத்துக்கு வந்தார். அவரைவிடப் பத்து வயது இளையவரான குரு பொன்னம்மை, துவைத்த கம்பளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். ஆளுக்கொரு திசையில் முறுக்கினார்கள்.

"இன்னிக்குக் கடிதத்தைக் குடுத்துடப்போறேன் குருவே. எங்க நாடு வெளியே வந்துடும். போதும்."

"என்னாச்சு?"

"தக்காளிப் பெட்டி. நாங்க கட்டுறது பதினாலு கிலோ. கீழ்நாட்டுப் பிரதிநிதி கச்சிராயன் பதினஞ்சுதான்னு நிக்கிறான். சுங்கத்தை எடுத்தோம், சுங்கக்காரங்களை எடுக்கலை. அவங்க சும்மா இருக்க முடியாம பெட்டியை எடை போடுறாங்க. பதினோரு மாசமாப் பேசுறோம்! எல்லையில நாப்பது லாரி நிக்குது. விவசாயி என் வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துறான்."

"மூணாவது நாடு?"

"அங்க தக்காளியே விளையாது. ஆனா அவங்களுக்கும் ஒரு கருத்து இருக்கு."

குரு சிரித்தார். அரியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கச்சிராயன் எப்படி ஆளு?"

"கழுதை. சர்க்கரை வியாதி, ஆனா லட்டுத் தட்டை நகர்த்த விடமாட்டான். மக கல்யாணம் தள்ளிப்போகுது, அந்தக் கடுப்பை எங்க மேல காட்டுறான்."

"மக பேரு?"

"செங்கமலம். நல்ல பொண்ணு. போன தடவை எனக்கு மோர் கொண்டுவந்து குடுத்துச்சு."

"உங்க அப்பாவுக்கு அந்த நாட்டுல யாரையாச்சும் தெரியுமா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? அங்க போனதே ஒரு தடவைதான்."

"எதுக்கு?"

அரியநாதன் கம்பளியைப் பார்த்தார்.

"பட்டாளத்தோட போனார்."

"எப்போ திரும்பினார்?"

"திரும்பலை."

குரு தன் முனையை இன்னொரு சுற்று முறுக்கினார். தண்ணீர் கொட்டியது.

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"கிளம்புங்க. தக்காளிச் சண்டைக்கு நேரமாச்சு."