மான்கள் சொன்ன ஆட்சேபம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் மான்களுக்கும் பஞ்சமே இல்லாத ஒரு தேசத்தில், சித்திரசேனர் என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்லவர்தான். கையில் புதிதாக எதுவும் கிடைக்காத வரைக்கும் ரொம்ப நல்லவர். புதுக் குதிரை வந்தால் ஊர்த் தெருவெல்லாம் புழுதி பறக்கும். புது வீணை வந்தால் அரண்மனையில் ஒருத்தரும் கண்மூட முடியாது. அந்த வருஷம் மாசி மாதத்தில் அவருக்கு ஒரு புது வில் வந்து சேர்ந்தது. கேட்க வேண்டுமா!

மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் அந்த நாட்டுக் காடுகளில் மான் குட்டி போடும் மாதங்கள். மாசி தொடங்கி, குட்டிகள் வளர்ந்து ஐப்பசி பிறக்கும் வரைக்கும் யாரும் காட்டுக்குள் அம்பெடுக்கக் கூடாது என்று மகாராஜாவின் பாட்டனார் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் காப்பதற்கென்றே வேட்டைச் சபை என்று ஒன்றையும் ஏற்படுத்தியிருந்தார். எந்த மாதம் வேட்டை, ஆளுக்கு எத்தனை மான், ஏரியில் வீசும் வலைக்கு எத்தனை விரல் கண் என்று எல்லாவற்றையும் அந்தச் சபை சொன்னால்தான் சட்டம். சபையில் ஐந்து பேர். ஐந்து பேரில் ஒருவராவது காட்டைக் கண்ணால் பார்த்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் ஒருவருக்குத் தோளில் பல்லி விழுந்தாலே இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும்.

சபைத் தலைவருக்கு ரணசிங்கர் என்று பெயர். பெயரில்தான் சிங்கம், ஆள் அரண்மனை வாசலைத் தாண்டினால் பல்லக்குத்தான். அவருக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. அது விகடகவி வெண்காடன். மகாராஜா அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும்.

மகாராஜா வில்லைத் தடவிக்கொண்டே, "ரணசிங்கரே, ஐப்பசி வரைக்கும் இந்த வில் சுவரில்தான் தொங்க வேண்டுமா?" என்று கேட்டார்.

"சட்டம் என்பது மன்னருக்குச் செருப்பு மாதிரி, பிரபு. கடித்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" என்றார் ரணசிங்கர்.

ஆனால் சட்டத்தை மாற்றுவதற்கும் பாட்டனார் ஒரு முறை வைத்திருந்தார். மாற்றம் இன்னதென்று முரசறைந்து சொல்லிவிட்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் வந்து ஆட்சேபம் சொன்னால் சபை காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரணசிங்கர் இதை மீறுவாரா? அட்சரம் பிசகாமல் செய்தார். தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, முரசின் மேல் இரண்டு கம்பளியைப் போர்த்தி மூன்று நாள் அறையச் சொன்னார்.

நாலாம் நாள் சபை கூடியது. "ஆட்சேபம் ஒன்றும் இல்லை, மகாராஜா" என்று அவர் வாயெடுப்பதற்குள், "இருக்குது சாமி!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

வந்தவள் மாசாணி. காட்டோரம் கல்லுக்குழி என்னும் குடியிருப்புக்கு அவள்தான் தலைவி. முரசறைந்தவன் அவள் ஊர்க்காரன். கம்பளி போட்டால் முரசின் வாய் அடங்கும், அறைந்தவன் வாய் அடங்குமா?

"ராசா, இப்போ காட்டுல நிக்கிற பொட்ட மானு அம்புட்டும் வயித்துல குட்டியோட நிக்குது" என்றாள் மாசாணி. "ஒண்ணை அடிச்சா ரெண்டு போச்சு. ஐப்பசி பொறந்து, சபை சொன்னபடி ஆளுக்கு ரெண்டு கொம்பு மான் எடுத்துத்தான் நாங்க கஞ்சி குடிக்கிறோம். உங்க பாட்டனாரு சும்மாவா கல்லுல வெட்டினாரு? அதுக்கு முந்தி இப்படித்தான் கண்ட மாசத்துல அடிச்சாங்க. மூணு வருசம் காட்டுல ஒரு கொம்பு இல்ல. எங்க சனம் கிழங்கைத் தோண்டித் தின்னு, அதுவும் தீந்து, பாதி செத்துப் போச்சு."

மகாராஜா வில்லின் நாணைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரணசிங்கர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர் மட்டுமே ஆட்சேபிக்கலாம். அம்பு உன்மேலா படப்போகிறது? மான்மேல்தானே? நீ என்ன மானா?"

மற்ற நால்வரும், "அதானே! அதானே!" என்று தலையாட்டினார்கள். மூன்று காதம் நடந்து வந்த மாசாணியின் கால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த வெண்காடன் அந்தக் காலைப் பார்த்தான். சிரிக்க வைத்தே சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் கோபம் வந்தது.

எழுந்து கும்பிட்டான். "ஆகா, தலைவர் வாக்கு பொன் வாக்கு! அம்பு யார்மேல் படுமோ அவரே பாதிக்கப்படுகிறவர். இதை ஓலையில் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள், பிரபு."

புகழ்ச்சியில் குளிர்ந்துபோன ரணசிங்கர் தாமே எழுதி முத்திரையும் வைத்தார்.

"இனி ஒரே ஒரு சந்தேகம்" என்றான் வெண்காடன். "பாதிக்கப்படுகிறவர் மான் என்றால், முரசை மான்களுக்கல்லவா அறைந்திருக்க வேண்டும்? தலைவர் வீட்டுக் கொல்லையில் மான் ஏதும் உண்டா?"

சபை கொல்லென்று சிரித்தது. மகாராஜாவுக்கும் உதடு துடித்தது. ரணசிங்கருக்கு முகம் சிவந்தது. மறுகணமே பளிச்சென்று மலர்ந்தது. ஆசாமி மாட்டிக்கொண்டான்!

"நியாயம், மகாராஜா! வெண்காடனே காட்டுக்குப் போய் மான்களுக்கு அறிவிக்கட்டும். மூன்று நாள் தவணை. மான்கள் ஆட்சேபித்தால் அதைத் தாங்கள் கண்ணால் காணும்படி காட்டட்டும், சட்டம் மாறாது. காட்ட முடியாவிட்டால், நாலாம் நாள் தாங்கள் வேட்டைக்கு, அவன் நாட்டின் எல்லைக்கு அப்பால்."

மகாராஜாவுக்கு இது வேட்டையைவிட வேடிக்கையாகப் பட்டது. "சம்மதம்!" என்று தொடையைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வெண்காடன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சபைக்குப் போகும்போது நாக்கை வீட்டுல வெச்சிட்டுப் போங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இப்போ மான் வந்து சாட்சி சொல்லுமாக்கும்!" என்று திட்டிக்கொண்டே, ஊரைவிட்டுப் போவதற்கும் சேர்த்தே மூட்டை கட்டிக் கொடுத்தாள். வெண்காடன் அரண்மனை முரசை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாசாணியையும் உட்கார வைத்துக்கொண்டு கல்லுக்குழிக்குப் போனான்.

காட்டு விளிம்பில் ஒரு பெண்மான் மேய்ந்துகொண்டிருந்தது. வெண்காடன் ஓலையை விரித்து, "சகல மான்களும் அறிவதாவது..." என்று தொடங்கினான். மான் காதை விறைத்தது. 'அறிவதாவது' முடிவதற்குள் புதர்தான் ஆடியது, மானைக் காணோம். பார்த்துக்கொண்டிருந்த கல்லுக்குழிச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஐயா, சத்தம் கேட்டா அது நிக்குமா? நேரா ஆத்தைத் தாண்டி அக்கரைக் கோயில்காட்டுக்குத்தான் போவும்" என்றாள் மாசாணி. "அங்க ராசாவே ஆனாலும் அம்பெடுக்க முடியாது. ஆத்தா காடு. அது மானுக்கும் தெரியும்."

வெண்காடன் ஓலையைச் சுருட்டினான். "மாசாணி, வேட்டைக்காரர்களுக்காக மான் கலைத்துவிடுகிறவர்கள் உங்கள் ஆட்கள்தானே?"

"எங்க தொழிலே அதான்."

"அப்படியானால் காடு பூராவும் என் அறிவிப்பைச் சொல்ல வேண்டும். ஒரு மான்கூட, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது."

மாசாணி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு பரவியது. ஆட்களைக் கூப்பிட்டாள். "எலேய், ராசா வேட்டைக்கு அடிக்கிற மாதிரி முரசை அடிச்சித் தொலைச்சிராதீங்க. எல்லாம் வயித்துப் புள்ளத்தாச்சிங்க. ஓடக் கூடாது, நடக்கணும். மூச்சு விட்டு மூச்சு விட்டு அடிங்க. குட்டி பின்தங்கினா கையை நிறுத்திடுங்க."

அப்படியே அடித்தார்கள். மூன்று நாளும் மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு அடி, ஒரு மௌனம், ஒரு அடி. ஒவ்வொரு மரத்தடியிலும் வெண்காடன் நின்று ஓலையைப் படித்தான். தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் நாள் மாலை கடைசி மான் முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறியதைப் பார்த்த பிறகுதான் அவன் கஞ்சி குடித்தான். நாளைக்கு மகாராஜா சிரிப்பாரா, சீறுவாரா? அவர் சீறினால் தன் வீட்டுக்காரியும் தானும் அந்நிய நாட்டில் பிச்சையெடுக்க வேண்டியதுதான்; இந்த மான்களும் இந்தச் சனமும் அதோகதிதான்.

நாலாம் நாள் விடியற்காலையில் மகாராஜா புது வில்லோடு வந்து பரண் ஏறினார். ரணசிங்கர் பல்லக்கோடு வந்து பரண் கீழே உட்கார்ந்தார். சூரியன் ஏறியது. உச்சிக்கு வந்தது. மான் என்ன, ஒரு முயல்கூடத் தலைகாட்டவில்லை. எறும்பு மட்டும் மகாராஜாவின் முதுகில் ஊர்ந்தது.

மூட்டையும் கையுமாக வெண்காடன் வந்து நின்றதும் மகாராஜா கொதித்துப்போய் இறங்கினார். "எங்கேயடா என் மான்கள்?"

"ஆட்சேபித்துவிட்டுப் போய்விட்டன, மகாராஜா. ஆட்சேபத்தை ஆற்றங்கரையில் பதிந்து வைத்திருக்கின்றன. பார்த்துவிட்டுப் பிறகு என்னை எல்லைக்கு அனுப்பலாம்."

ஆற்றங்கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கில் குளம்புத் தடங்கள். அக்கரையிலிருந்து ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எல்லாம் அக்கரையைப் பார்த்தே போயிருந்தன.

"இதுவா ஆட்சேபம்?" என்று ரணசிங்கர் சீறினார். "முரசுக்குப் பயந்து ஓடியிருக்கின்றன! பயம் வேறு, ஆட்சேபம் வேறு!"

"மகாராஜா தடம் பார்க்கத் தெரிந்தவர்" என்றான் வெண்காடன். "ஓடிய தடமா, நடந்த தடமா என்று அவரே சொல்லட்டும்."

மகாராஜா குனிந்தார். பிறகு முழங்காலிட்டே உட்கார்ந்துவிட்டார். ஓடிய மானின் குளம்பு சேற்றை வாரி இறைத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு தடமும் நிதானமாக, ஆழமாக, சுமை தாங்கிப் பதிந்திருந்தது. ஓரிடத்தில் ஒரு பெரிய தடத்தின் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சுத் தடம். பிஞ்சு தண்ணீரைக் கண்டு பின்வாங்கியிருக்கிறது. தாய் திரும்பி வந்திருக்கிறது. மறுபடி இறங்கி, மறுபடி திரும்பி, மூன்றாம் தரம்தான் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தன. மகாராஜா அந்தப் பிஞ்சுத் தடத்தின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"நடந்துதான் போயிருக்கின்றன" என்றார் மெல்ல.

"ஆமாம் பிரபு. கேட்டு, யோசித்து, வேண்டாம் என்று போயிருக்கின்றன."

ரணசிங்கருக்குப் பொறுக்கவில்லை. "ஆட்சேபம் என்றால் கையெழுத்து வேண்டும்! சபை விதி!"

"எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம் என்பதும் சபை விதிதானே, ஐயா? மனிதர்கள் ஒரு விரலை வைப்பார்கள். இவை பாவம், நாலு காலையும் வைத்திருக்கின்றன. இன்னும் என்னத்தை வைக்கச் சொல்கிறீர்கள்?"

மகாராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சேற்றில் உட்கார்ந்தபடியே, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் வில்லை எடுத்து நாணை அவிழ்த்துவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"மனிதர் பேச்சும் மான் வழியும் தெரிந்தவர் ஒருத்தராவது சபையில் வேண்டும், மகாராஜா. மாசாணிக்கு ஓர் ஆசனம் போடுங்கள். இன்னொன்று, இனிமேல் எந்தச் சட்டத்தை மாற்றுவதானாலும், பாதிக்கப்படுகிறவர்களிடம் தலைவரே நேரில் போய் அறிவிக்கட்டும். அவர் முத்திரை வைத்த ஓலைதானே!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மகாராஜா. ரணசிங்கர் பல்லக்கைத் தேடினார்.

ஐப்பசி பிறந்தது. மான்கள் குட்டிகளோடு இக்கரைக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. மகாராஜா புது வில்லோடு இரண்டு கொம்பு மான்களை எடுத்துவிட்டு மூன்றாவதற்கு நாணேற்றினார். பக்கத்தில் நின்ற சபை உறுப்பினர் மாசாணி, "ஆளுக்கு ரெண்டுதான், ராசா" என்றாள். மகாராஜா வில்லை இறக்கினார்.

ரணசிங்கர் சும்மா இருந்தாரா? மறு வருஷமே யாரோ ஒரு மீன் வியாபாரியின் பேச்சைக் கேட்டு, ஏரி வலையின் கண்ணைச் சிறிதாக்க வேண்டும் என்று சபையில் கிளம்பினார். "பேஷ்! மீன்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வாரும்" என்றார் மகாராஜா. தலைவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "சகல மீன்களும் அறிவதாவது..." என்று ஓலை படித்தார். கரையில் ஊரே கூடி நின்று பார்த்தது. மீன்கள் என்ன நினைத்தனவோ தெரியாது. நண்டு ஒன்று மட்டும் தன் ஆட்சேபத்தை அவர் கால் கட்டைவிரலில் அழுத்தந்திருத்தமாகத் தெரிவித்தது. அவர் போட்ட அலறல் அரண்மனை வரைக்கும் கேட்டதாம். மகாராஜா தலைப்பாகை கழன்று விழச் சிரித்தார். வலையின் கண் அந்த வருஷமும் இரண்டு விரல் அகலமாகவே இருந்தது.