மடிச்சூடு

காட்டோரக் குளத்தங்கரையில் ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. அங்கே சுட்டி என்ற வெள்ளாடும் ஒரு பூனையும் நல்ல சிநேகிதம்.

ஒரு நாள் சுட்டி, நாள் நிறையும் முன்பே செத்த குட்டியைப் போட்டது. குடிக்கக் குட்டியில்லை, மடியில் மட்டும் பால் கட்டி நின்றது.

பூனை பதறியது. "நான் முன்னே இருந்த வீட்லயும் ஒரு ஆடு இப்படித்தான் செத்த குட்டி போட்டுச்சு. அது பாலைப் பச்சையாக் குடிச்சவங்க விட்டு விட்டுக் காய்ச்சல்ல கிடந்தாங்க. காய்ச்சிக் குடிச்ச பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகல!"

சுட்டி உடனே வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பட்டிக்காரன் மாயழகுவின் மனைவி செவந்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. தினமும் சுட்டிக்குத் தன் கையால் அகத்திக்கீரை ஊட்டுபவள்.

மாயழகு சொம்போடு வந்து பால் கறந்தான். "செவந்தி, நுரையோட குடி! வயித்துப் பிள்ளைக்குப் பலம்!"

"காய்ச்ச வேணாமா?"

"கறந்த பால் சூடாத்தானே இருக்கு! இன்னும் என்னத்தைக் காய்ச்ச?"

மடிச்சூட்டை அடுப்புச்சூடு என்று நினைத்த மகா அறிவாளி!

"காய்ச்சுங்க! காய்ச்சுங்க!" என்று சுட்டி கதறியது. அவனுக்கு "மே... மே..." என்றுதான் கேட்டது.

சுட்டி சொம்பை எட்டி உதைத்தது. மறுநாள் அவன் அதன் பின்னங்கால்களைக் கட்டிவிட்டுக் கறந்தான். பூனை பாய்ந்து சொம்பைக் கவிழ்த்தது. முதுகில் அடி விழுந்ததுதான் மிச்சம்.

"இனிமே சொம்பே வேணாம்! செவந்தி, இப்படி உக்காந்து வாயைத் திற!" என்றான் மாயழகு. காம்பைப் பிடித்து நேராக அவள் வாயிலேயே பீய்ச்சினான். அன்றுமுதல் தினமும் அப்படித்தான்.

"சொம்புல இருந்தாலாவது என்னைக்காவது ஒரு நாள் அடுப்புல ஏறியிருக்கும். அதையும் நாமளே கெடுத்துட்டோமே!" என்று பூனை அழுதது.

ஒரு மாதம் போனது. மாலையானால் செவந்திக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டுக்கு மூட்டு வலித்தது. ஏழாம் மாதம் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

அவள் சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உனக்கும் போச்சு, எனக்கும் போச்சே!"

சுட்டியும் அழுதது. அழுது என்ன பயன்?

மாயழகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியருகே குந்தினான். "அழுதது போதும் செவந்தி. உடம்பு தேறணும்ல? வாயைத் திற!"

மடிச்சூடு நோயைக் கொல்லாது. பாலைப் பொங்கக் காய்ச்சாதவன், பாசத்தோடு கொடுத்தாலும் நோயையே ஊட்டுகிறான்.