பாலம் சாக் ராஜாவின் தகப்பன் முகம்

கடல்களுக்கு அப்பால், சோளமும் கொக்கோவும் விளைகிற மாயர் நாட்டிலே, வெகு காலத்துக்கு முன்னால் யாஷ்காப் என்ற நகரத்தை பாலம் சாக் என்று ஒரு ராஜா ஆண்டான். பரம்பரை ராஜா இல்லை. மேற்கேயிருந்து படையோடு வந்து நகரத்தைப் பிடித்தவன், அந்த வம்சத்துக்கே முதல் ஆள். கொக்கோ பானத்தில் நுரை குறைந்தால்கூட ஆளைத் தொலைத்துவிடுகிற முன்கோபி.

அந்த ஊரில் அரியணைக்குப் பக்கத்துக் கல்லில் ராஜாவின் முன்னோர் முகம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் மதிக்கமாட்டார்கள். கல்லைக் கல்லாலேயே செதுக்குகிற இஷ்நிக் என்பவளுக்கு, ராஜாவின் தகப்பனார் முகத்தைச் செதுக்குகிற அந்த வேலை கிடைத்தது. தன் மருமகனுக்குக் கிடைக்கவில்லையே என்று கோஹ்மூல் என்ற பெரிய அதிகாரிக்கு வயிறு எரிந்தது. ராஜாவின் தகப்பனாரைத் தான் ஒரு போரில் பார்த்திருப்பதாகவும், சாயல் பிசகினால் அது பித்ரு நிந்தை, செதுக்கியவள் தலையை எடுக்கவேண்டும் என்றும் ராஜாவின் காதில் ஓதிவிட்டான். ராஜாவும் தலையாட்டினான்.

இஷ்நிக் யோசித்துப் பார்த்தாள். பார்த்ததாகச் சொல்பவன் ஒருவன்தான். எதைச் செதுக்கினாலும் அவன் இல்லை என்பான். இருபது நாள் கெடுவில் முதல் நாலு நாளைச் சபையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து கழித்தாள். பிறகுதான் கல்லைத் தொட்டாள்.

கெடு நாளன்று கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கல்லில் ஒரு கிழவர், வாயோரம் சிரிப்போடு இருந்தார். கோஹ்மூல் கிட்டே போய்க்கூடப் பார்க்கவில்லை. மூக்கு அவருடையது இல்லை, தாடை அவருடையது இல்லை, துளிகூடச் சாயல் இல்லை என்று அடித்துச் சொன்னான்.

"பெரியவர் சத்தியமாகத்தான் சொல்கிறீர்களா?" என்று கேட்டாள் இஷ்நிக்.

"என் தலைமேல் சத்தியம்."

அவள் ராஜாவைக் கும்பிட்டாள். "மகாராஜா, நாலு நாள் தங்கள் முகத்தைப் பார்த்துத்தான் செதுக்கினேன். மூக்கு தங்களுடையது, தாடையும் தங்களுடையது. சுருக்கம் மட்டும் நான் சேர்த்தது. இதில் தகப்பனார் சாயல் துளியும் இல்லையென்றால், பெரியவர் தங்கள் தாயாரைப் பற்றி என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை."

கோஹ்மூலுக்கு வியர்த்துக் கொட்டியது. கண் மங்கிவிட்டது என்றான், இப்போது பார்த்தால் அச்சு அசல் அவரேதான் என்றான், கடைசியில் அந்தப் போருக்குத் தான் போனதே இல்லை என்று காலில் விழுந்தான். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். கோஹ்மூல் தினமும் ஈர மணலால் அந்தக் கல்லைத் தேய்த்து மெருகேற்றட்டும், கண் தெளியும் என்று உத்தரவு போட்டான். அரண்மனைக் கல்வேலை முழுவதையும் இஷ்நிக்குக்கே கொடுத்தான். அப்போதுதான் அவள் அப்பாடா என்று தூணில் சாய்ந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ராஜா இறங்கி வந்து, கல்லின் கன்னத்தைத் தொட்டான்.

"எதற்கு இவரைச் சிரிக்க வைத்தாய்?"

"மகன் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாரே, மகாராஜா."

முன்கோபி ராஜாவுக்குக் கண் நிறைந்தது. "நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார்," என்றான். "இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."